குச்சியும் முள்ளும் கையும்

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் சப்பானைப் பற்றி எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. அதன் பெயரைக் 'குறிகளின் பேரரசு' என்று தமிழில் சொல்லலாம். ரிச்சர்டு ஹோவர்டு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1982இல் வந்தது. தமிழ் படிப்போர் பலர் நூலை அடைவது அதன் வழியாகத்தான். நூலின் முற்பகுதியில் உணவு பற்றிய சிறு கட்டுரைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று உண்ணும் குச்சிகளைப் பற்றியது. சில பக்கங்களே உடைய அக்கட்டுரையைப் போலப் பலராலும் எடுத்தாளப்படும் உணவுக் கட்டுரைகள் குறைவு. அழகான எழுத்து என்பதில் ஐயமில்லை. அது சொல்லும் முடிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

பார்த் குச்சிக்கு நான்கு தொழில்களைக் காண்கிறார். அது முதலில் சுட்டுகிறது; உண்பவன் எதை விரும்புகிறான் என்பதைக் காட்டுகிறது. அடுத்துக் கிள்ளி எடுக்கிறது. பின்னர்ப் பொருளின் இயல்பான பிளவுகளைக் கண்டு மெல்லப் பிரிக்கிறது. இறுதியாக ஏந்திச் செல்கிறது. இந்நான்கிலும் தேவைக்கு மேற்பட்ட அழுத்தம் ஒருபோதும் இல்லை என்கிறார். குழந்தையைத் தூக்கி இடம் மாற்றும் கையின் அளவான அக்கறையை அவர் குச்சியில் காண்கிறார். அதனால் அதைத் தாய்மை உடையது என்றே சொல்லிவிடுகிறார். எதிர்ப்பக்கத்தில் மேலைநாட்டுக் கத்தியும் முள்கரண்டியும் நிற்கின்றன. அவை அறுக்கின்றன, குத்துகின்றன. உண்பதை வேட்டையாக ஆக்குகின்றன. ஒரு பக்கம் தாய், மறுபக்கம் வேட்டைக்காரன்.

அவருக்கு நேர்மை செய்யும் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மையான சப்பானை விளக்கப்போவதாக அவர் எங்கும் வாக்களிக்கவில்லை. உலகின் ஓரிடத்திலிருந்து சில கூறுகளை எடுத்து ஓர் அமைப்பைத் தாமே கட்டி, அதற்குச் சப்பான் என்று பெயரிடுவதாகத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். அங்ஙனமாயின் அதை மெய்வழக்குக் கொண்டு அளப்பது முறையா என்று கேட்கலாம். முறையே. கிண்ணத்துச் சோற்றை உதட்டருகே வைத்துக் குச்சியால் வாய்க்குள் தள்ளும் செயலைக் கூறும் இடத்தில், அது கீழைநாடு முழுவதற்கும் உரிய நெடுங்கால வழக்கம் என்று எழுதுகிறார். இது கற்பனை அமைப்பைப் பற்றிய சொல் அன்று. உலகத்தைப் பற்றிய சொல். அன்றியும், படித்தோரில் பலர் முன்னுரையை மறந்து தாயையும் வேட்டைக்காரனையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர்.

கீழைநாடு முழுவதும் என்ற அச்சொல்லைச் சோதிக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் ஜெஞ்சாரோம் இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அமைந்த சீனப் புதுக்கிராமங்களுள் ஒன்று இங்குள்ளது. சுற்றிலும் முன்பு ரப்பர்த் தோட்டங்கள், பின்பு செம்பனை. தோட்டங்களில் தமிழர், கம்பங்களில் மலாய்க்காரர், கடைத்தெருவில் சீனர் என்று மூவரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து வந்த ஊர்ப்புறம் இது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் இங்குள்ள தோங் சென் பௌத்தக் கோயிலின் விளக்கு அலங்காரத்தைக் காண எல்லா இனத்தாரும் வருவர். இவ்வட்டாரத்தில் குச்சி, முள்கரண்டி, கை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ், சிலவேளை ஒரே மேசையில் புழங்குகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கீழைநாடு என்ற ஒற்றைச் சொல் நிற்பதற்கு இடமில்லை. தமிழரும் மலாய்க்காரரும் சோற்றைக் கையால் உண்போர். இந்தியாவிலும் இலங்கையிலும் அரபு நாடுகளிலும் கோடிக்கணக்கானோர் அவ்வாறே. கீழைநாட்டில் பாதியைப் பார்த் பந்தியில் உட்காரவே விடவில்லை.

கோப்பிக்கடையில் ஒரு சீனரை நாள் முழுதும் கவனித்தால் இன்னொன்றும் விளங்கும். காலையில் சூடான சாற்று மீயை அவர் குச்சியால் உண்கிறார். இடக்கையில் பீங்கான் கரண்டி. நண்பகலில் தட்டில் சோறும் இரண்டு மூன்று கறிவகைகளும் வாங்குகிறார். இப்போது குச்சியைத் தொடுவதில்லை, கரண்டியும் முள்ளும் எடுத்துக்கொள்கிறார். மாலையில் ரொட்டி சானாய் கடைக்குப் போனால் விரலால் பிய்த்துக் குழம்பில் தொட்டுத் தின்கிறார். காலையில் தாயாக இருந்தவர் நண்பகலில் வேட்டைக்காரராகிவிட்டாரா? இல்லை. சோறு கிண்ணத்திலிருந்து தட்டுக்கு மாறியது, அவ்வளவே. சப்பானியரின் குட்டையான அரிசி ஒன்றோடொன்று ஒட்டும். குச்சிக்கு எளிதில் அகப்படும். இந்நாட்டில் பெரிதும் உண்ணப்படும் நீண்ட அரிசி உதிரும். கிண்ணத்தில் இருந்தால் வாயருகே ஏந்தித் தள்ளலாம். தட்டையான தட்டில் இருந்தால் குச்சி உதவாது. எது கருவி என்பதைச் சோற்றின் பதமும் கலத்தின் வடிவும் முடிவு செய்கின்றன.

குச்சியைப் பயன்படுத்துவோரே முன்னாளில் சோற்றைக் கையால் உண்டவர்கள் என்பதற்குச் சீனரின் பழநூலிலேயே சான்று இருக்கிறது. 'லி ஜி' என்னும் சடங்கு நூல், பிறருடன் ஒரே கலத்தில் உண்ணும்போது சோற்றை உருண்டையாகப் பிடித்து உண்ணாதே என்று விதிக்கிறது. கையால் உண்பவனுக்கு அன்றி வேறு யாருக்கு அவ்விதி வேண்டும்? தினைச்சோற்றுக்குக் குச்சியைப் பயன்படுத்தலாகாது என்றும், காய்கறி மிதக்கும் சாற்றுக்கே குச்சி உரியது என்றும் அதே நூல் கூறுகிறது. கொதிக்கும் சாற்றிலிருந்து துண்டு எடுக்கும் கருவியாக இருந்தது, நூற்றாண்டுகள் கழித்தே சோற்றுக்கும் வந்தது.

இதன் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. மொழியாசிரியர்க்கு அது சுவை தரும். குச்சிக்குச் சீனத்தில் பழம்பெயர் 'சூ'. 'நில்' என்னும் பொருளுடைய சொல்லோடு அது ஒலியில் ஒத்ததால், ஓடம் நின்றுவிடும் என்று அஞ்சிய படகோட்டிகள் 'விரைவு' என்னும் பொருள் தொனிக்கும் வேறு பெயர் இட்டனர் என்று மிங் அரசர் காலத்து நூல் ஒன்று குறிக்கிறது. அதுவே இன்று மாண்டரினில் வழங்கும் 'குவாய்ட்சு'. ஆனால் கிள்ளான் பக்கத்து ஹொக்கியன் மக்கள் நாவில் பழஞ்சொல்லே 'தீ' என்னும் ஒலியோடு வாழ்கிறது. தமிழ்த் தீக்கும் அதற்கும் உறவு தேடி யாரும் புறப்பட வேண்டா. மலாயில் 'பென்யெபிட்' என்பது இடுக்கி எடுக்கும் தொழிலால் வந்த பெயர். தமிழில் குச்சி என்றே சொல்கிறோம். அது பொருளைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. பயன்படுத்தாதவன் வைத்த பெயர் அப்படித்தான் இருக்கும்.

இனிக் கத்திக்கு வருவோம். பார்த்தின் கட்டுரையில் மிகவும் வலுவற்ற இடம் இதுதான். குச்சி வன்மையின்றி எடுக்கும் பொருள் முன்னதாகவே துண்டாக்கப்பட்டது என்பதை அவர் அறிவார். ஒரு சொல்லில் அதைச் சொல்லிக் கடந்து போகிறார். அந்த ஒரு சொல்லுக்குள் முழு அடுக்களையே அடங்கிக் கிடக்கிறது. யார் துண்டாக்கினார்? எதைக் கொண்டு? சீன அடுக்களையில் அகன்ற வெட்டுக்கத்தியின் ஓசை கேட்காத வேளை ஏது? அதைவிட வியப்பானது, அதே நூலில் சில பக்கங்கள் கழித்துத் தெம்புரா பொரிக்கும் சமையற்காரரை வருணிக்கும்போது, உயிருள்ள விலாங்கின் தலையில் ஊசியைச் செருகித் தோலுரிக்கும் காட்சியை அவரே எழுதுகிறார். அது சிறு கொடுமை என்றும் ஒப்புக்கொள்கிறார். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்திருந்தால் தாயும் வேட்டைக்காரனும் ஒரே வீட்டில் குடியிருப்பது தெரிந்திருக்கும். சீன அறிஞர் மென்சியஸ் இதைப் பழங்காலத்திலேயே நேர்மையாகச் சொன்னார்: விலங்கின் கதறலைக் கேட்டவன் அதன் ஊனை உண்ணப் பொறான், ஆகவே சான்றோன் அடுக்களைக்கு எட்ட இருப்பான் என்பது அவர் கருத்து. கத்தி ஒழியவில்லை, கதவுக்கு அப்பால் போயிற்று.

இவ்வாறு பார்த்தால் தமிழர் இலை எந்தப் பக்கம் சேரும்? அங்கும் கத்தி இல்லை. காய் அரிவாள்மணையில் நறுக்கப்பட்டு, கறி துண்டாக வெட்டப்பட்டு, பருப்பு மசிக்கப்பட்ட பிறகே இலைக்கு வருகிறது. கருவியைக் கொண்டு பிரித்தால் குச்சி வேறு, கை வேறு. கத்தியின் வேலை எங்கே முடிகிறது என்பதைக் கொண்டு பிரித்தாலோ இரண்டும் ஒரே குடும்பம். தட்டிலேயே அறுத்துக்கொள்ளும் ஐரோப்பிய மேசை ஒன்றே விலகி நிற்கும். இந்தப் பிரிவைப் பார்த் கண்டிருந்தால் கட்டுரை இன்னும் ஆழமாகியிருக்கும். ஆனால் இப்பிரிவில் யாருக்கும் தாய்ப்பட்டம் கிடைக்காது. அறுப்பவர் கண்ணுக்குத் தெரிகிறாரா இல்லையா என்பதுதான் வேறுபாடு. அரிவாள்மணை முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் என்பதையும் அவர் பந்தி முடிந்தபின் உண்பவர் என்பதையும் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முள்கரண்டிக்கும் பார்த் நீதி செய்யவில்லை. எராஸ்மஸ் 1530இல் சிறுவர்க்கென்று எழுதிய ஒழுக்க நூலில், எண்ணெய்ப்பட்ட விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே, துணியில் துடை என்று அறிவுரை இருக்கிறது. அக்கால ஐரோப்பியச் சிறுவனும் விரலால்தான் உண்டான். ஆங்கிலேயர் தாமஸ் கோரியட் இத்தாலியில் முள்கரண்டியைக் கண்டு வியந்து, 1611இல் அச்சான தம் பயண நூலில் அதைப் பற்றி எழுதினார். ஊர் திரும்பி அதைப் பயன்படுத்தியபோது நண்பர் கேலி செய்தனர். அவரே பின்னர் அலெப்போவிலிருந்து அஜ்மீர் வரை நடந்து வந்து, 1617இல் சூரத்தில் இறந்தார். கையால் உண்ணும் நாட்டில் அம்முள்கரண்டி அவருக்கு என்ன பயன்பட்டதோ! செர்மானிய அறிஞர் நோர்பர்ட் எலியாஸ் 1939இல் வெளியிட்ட நூலில், முள்கரண்டி பரவியதற்குத் துப்புரவைவிட, அரசவை மாந்தரிடையே வளர்ந்த கூச்ச உணர்வே காரணம் என்று காட்டினார். மேலைநாட்டு மேசையும் கத்தியை மெல்ல மெல்ல அடக்கி வந்த மேசையே என்றும் அவர் விளக்கினார். வேட்டைக்காரன் என்று பார்த் கண்டவன் உண்மையில் வெட்கப்படக் கற்றுக்கொண்டிருந்தவன்.

அதே முள்கரண்டி மலேசியாவுக்கு வந்து என்ன ஆயிற்று? இங்கு அது குத்துவது அரிது. இடக்கையில் இருந்துகொண்டு, வலக்கைக் கரண்டிக்குள் சோற்றைத் தள்ளிக் கொடுக்கிறது. துடைப்பத்தின் வேலை என்றே சொல்லலாம். கத்தி மேசைக்கு வருவதே இல்லை. பார்த்தின் முரணில் கரண்டிக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஆனால் குத்தாமலும் கிள்ளாமலும் ஏந்துவது அதுவல்லவா?

அவர் கையாண்ட தாய்மை என்னும் உவமைக்கு வருவோம். தமிழ் படித்தோர்க்கு இங்கே இரண்டு பாடல்கள் நினைவுக்கு வராமல் இரா. ஒன்று புறநானூற்று 188ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் படைத்தவரே ஆயினும், குறுகுறுவென்று நடந்துவந்து நெய்ச்சோற்றைச் சிறு கையால் கலைத்து உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தை இல்லையேல் அவர் வாழ்நாளுக்குப் பயனில்லை என்பது அதன் கருத்து. மற்றொன்று மக்கட்பேறு அதிகாரத்தில் உள்ள 64ஆம் குறள். தம் குழந்தையின் சிறு கை துழாவிய கூழ் அமிழ்தத்தினும் இனியது என்கிறார் வள்ளுவர். பார்த்தின் தாய்மையோடு இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அவருடைய தாய் அளந்து எடுப்பவள். ஒரு பருக்கையும் சிந்தாதவள். பாண்டியனுக்கும் வள்ளுவர்க்கும் சுவை பிறப்பதே சிந்துவதில். அங்கே கருவியின் நேர்த்தி இல்லை. ஒழுங்கைக் கலைக்கும் பிஞ்சுக்கை இருக்கிறது.

இதை இன்னும் சற்று ஆழ்ந்து நோக்கலாம். உண்ணும் முறையில் தமிழர் மிகுந்த கண்டிப்புடையவர். வலக்கையால்தான் உண்ண வேண்டும். விரல் நுனிக்கு மேல் சோறு ஏறலாகாது. உண்ட கையால் பரிமாறும் அகப்பையைத் தொடலாகாது. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது எச்சில் என்னும் கருத்து. குச்சியை வாயில் வைத்துப் பின் பொதுக் கலத்தில் இடுவது பழைய தமிழ்வீட்டாருக்குப் பொறுக்காது. சீனரும் இன்று சில இடங்களில் பொதுக் கலத்துக்கெனத் தனிக் குச்சி வைக்கின்றனர். இத்தனைக் கண்டிப்பும் ஓர் இடத்தில் மட்டும் அறுபடுகிறது: குழந்தையின் கையில். பிறர் தொட்ட சோற்றை விலக்குபவன் தன் பிள்ளை குழப்பிய கூழை அமிழ்தினும் மேலாக உண்கிறான். அவ்விரு பாடல்களின் ஆற்றல் இந்த விலக்கிலேதான் இருக்கிறது. எச்சில் என்றால் என்ன என்று தெரியாத மாணவனுக்கு அக்குறளின் பாதிச் சுவைதான் எட்டும். வகுப்பில் பொருள் சொல்வோர் பலர் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றனர்.

எச்சிலின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் 1920களின் நடுவில் எழுந்த பூசல், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி இட்டதைப் பற்றியது. அங்கே கத்தியும் இல்லை, முள்ளும் இல்லை. இலையும் கையுமே இருந்தன. ஆயினும் அந்தப் பந்தியில் இருந்த வன்மை எந்த முள்கரண்டியிலும் இல்லை. வன்மையைக் கருவியின் வடிவில் தேடும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையா?

இது தமிழ் எழுத்தாளர் சிலருக்கும் பொருந்தும். பார்த்தைப் படித்துவிட்டு, குச்சி இருந்த இடத்தில் கையை வைத்து அதே கட்டுரையை எழுதிவிடலாம் என்னும் ஆசை எளிதில் பிறக்கும். ஐந்து விரலும் ஐம்பூதம், ஆகவே கையால் உண்பதே அறிவியல் என்று மேடைகளில் முழங்குவது அவ்வகையைச் சேர்ந்தது. பாண்டியன் பாட்டுக்கு அந்த முட்டுக்கட்டை வேண்டியதில்லை. கையின் நன்மையைச் சொல்ல வேண்டுமானால் மெய்யானவை உள்ளன. சூடு நாவுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிகிறது. மீன்குழம்பில் முள் எங்கே என்று விரல் கண்டுபிடிக்கிறது. பிசைதல், அளாவுதல், குழைத்தல், உருட்டுதல், வழித்தல் என்று இத்தனை வினைகள் தமிழில் இருப்பது கைக்குக் கிடைத்த செல்வம். கையின் குறையும் மெய்யே: கொதிக்கும் சாற்று மீயின்முன் அது ஒன்றும் செய்ய இயலாது.

இவற்றைச் சொல்ல நேர்வது, வேறோர் ஆசையும் இருப்பதனால். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கரண்டி தீர்ந்துவிட்டால் சோற்றைத் தொடத் தயங்கி, சுற்றும் முற்றும் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. கையால் உண்பது நாகரிகமற்றது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை, பார்வையாலேயே கற்றுக்கொண்டனர். எலியாஸ் ஐரோப்பாவில் கண்ட அதே கூச்சம் இங்கே ஒரு தலைமுறைக்குள் நடந்தேறுகிறது. அப்பிள்ளைக்கு ஐம்பூதக் கதை உதவாது. எராஸ்மஸ் நூலைப் படித்த சிறுவனும் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டவனே என்று சொல்வது ஒருகால் உதவும்.

இவ்வளவு குறை கூறிய பின்னும் பார்த்தின் கட்டுரையில் நிலைபெறும் ஒன்று உண்டு. குச்சி சுட்டுகிறது, தேர்கிறது என்றாரே, அது நல்ல கண்பார்வை. உண்பவன் தான் விரும்பும் வரிசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுக்கிறான். ஒன்றன்பின் ஒன்றாக வரும் மேலைநாட்டு விருந்தின் கட்டு அங்கில்லை என்றார். இலையில் குழம்பும் ரசமும் மோரும் முறையாக வந்தாலும், கூட்டுக்கும் பொரியலுக்கும் ஊறுகாய்க்கும் இடையே விரல் தன் விருப்பம்போல் உலவுகிறது. பிரிக்பீல்ட்ஸ் இலைச்சோற்றுக் கடைகளில் இதைக் காணலாம். அங்கு வரும் சீன இளைஞர் சிலர் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் முயல்கின்றனர். முதலில் உள்ளங்கை முழுதும் சோறாகிவிடுகிறது. கட்டைவிரலால் தள்ள வேண்டும் என்று உடன் வந்த தமிழ் நண்பர் காட்டிக் கொடுக்கிறார். அந்நண்பரே கிள்ளானில் பாக் குட் தே கடைக்குப் போனால், குச்சி இரண்டும் குறுக்கே பின்னிக்கொள்ள, முன்னவர் சிரித்துக்கொண்டே அவருக்கு விரல் வைக்கும் இடத்தைக் காட்டுகிறார்.